பச்சைச் சன்னல், வியாழக்கிழமை

ரெமிஜியஸ் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. பகலெல்லாம் கூடைகளை எடை போட்டுச் சீட்டு ஒட்டுவார். சனிக்கிழமை சாயந்திரம் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. அது அவர் குடியிருந்த மர்பி டவுனில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவருக்கு, அவர் மனைவி ஜோசஃபினுக்கு, வாசகசாலைச் செயலாளர் சிரிலுக்கு.

வாசகசாலை மாதா கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடம். ஞாயிறுதோறும் அதன் வாசலில் ஒரு கரும்பலகை நிற்கும். மேலே 'இந்த வாரம்' என்று தலைப்பு. கீழே பத்துப் பன்னிரண்டு வரிகள். இந்த வாரம் ஊரில் எதைப் பார்க்கலாம், எதைக் கேட்கலாம், எதைத் தின்னலாம் என்று இருக்கும். பூசை முடிந்து வருகிறவர்கள் அதைப் படிக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

லால்பாக் பூக்கண்காட்சிக்கு முதல் நாள் போகாதீர்கள் என்று பலகை சொல்லும். கடைசி நாள் சாயந்திரம் தோட்டக்காரர்களுக்குக் கோபம் குறைந்திருக்கும். கேட்டால் ஒரு தண்டு ஒடித்துக் கொடுப்பார்கள். கப்பன் பார்க்கில் பாண்டு வாத்தியம் கேட்க முன் நாற்காலி வேண்டாம். மூன்றாவது மரத்தடியில் நின்றால் முரசு அடங்கிக் குழல் மட்டும் வந்து சேரும். டாக்கிக் கொட்டகையில் இடது பக்க பெஞ்சு ஆகாது, தூண் மறைக்கும், கதாநாயகி அழுவதெல்லாம் அந்தப் பக்கம்தான். அவரைக்காயைப் பனி காய்வதற்குள் வாங்குங்கள்; விரலில் பிசுபிசுப்பு ஒட்டாத காய்க்கு மணம் கிடையாது.

எல்லாம் ரெமிஜியஸ் நடந்து பார்த்து எழுதியது. ஏழு வருடமாக எழுதினார். கீழே பெயர் போட்டதில்லை. வெட்கம் காரணமில்லை. ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டால் ஓட்டல்காரன் தனிக் காப்பி கொடுப்பான். அதைக் குடித்துவிட்டு எழுதினால் அது ஊருக்குக் கிடைக்கிற காப்பி இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு வாசகசாலை மூடும். சிரில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். ரெமிஜியஸ் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு எழுதிவிட்டு, சாவியை சிரில் வீட்டில் கொடுத்துவிடுவார். ஞாயிறு விடியும் முன், முதல் பூசை மணி அடிக்கிற நேரத்தில், சிரில் பலகையைத் தூக்கி வெளியே வைப்பார். தூக்கி வருகிறவர்தான் எழுதுகிறவர் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அப்படி யாராவது கேட்டால் சிரில் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். கழுத்தில் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு சிரிப்பார்.

அந்த மஃப்ளர் பங்குனி வெயிலிலும் அவர் கழுத்தை விட்டு இறங்காது. பெங்களூர்க் குளிர் தன் நெஞ்சுக்காகவே படைக்கப்பட்டது என்பது அவர் எண்ணம். காலை எட்டு மணி ஆகும்வரை வீட்டையும் கோயிலையும் தவிர எங்கும் கால் வைக்க மாட்டார். அதற்குப் பிறகும் ஜட்காதான். ஏழு வருடத்தில் பலகை சொன்ன எந்த இடத்துக்கும் அவர் போனதில்லை.

1936 செப்டம்பரில், மாதா திருநாள் கூட்டத்தில், 'பெங்களூரில் ஒரு வாரம்' என்று ஒரு சிறு புத்தகம் விற்பனைக்கு வந்தது. வெளியூரிலிருந்து திருநாளுக்கு வந்தவர்கள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்கள். கோயில் வாசலில் ஒரு தெரிந்தவர் ரெமிஜியஸின் கையிலும் ஒன்றைத் திணித்தார்.

"படிச்சுப் பாருங்க சார். ஆபீஸ் விட்டா வீடுன்னு இருக்கீங்க. ஊர்ல இன்னா இருக்குன்னு தெரிஞ்சுக்க வேணாவா?"

முதல் பக்கத்தில், எழுதியவர் பெயர்: ச. சிரில், வாசகசாலைச் செயலாளர். இரண்டாம் பக்கத்திலிருந்து ரெமிஜியஸ். தூண், மூன்றாவது மரம், தோட்டக்காரனின் கோபம், எல்லாம் அப்படியே. ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பலகையை வெளியே எடுப்பதற்கு முன் சிரில் லாந்தர் வெளிச்சத்தில் ஒரு நோட்டில் நகல் எடுத்து வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த நோட்டை ரெமிஜியஸ் பல தடவை மேஜைமேல் பார்த்திருக்கிறார். நூலகத்துப் பதிவேடு என்று நினைத்திருந்தார்.

தன் பெயர் வேண்டாம் என்றுதான் அவர் இருந்தார். அதற்கு இன்னொருவர் பெயர் வேண்டும் என்று அர்த்தமில்லை.

திருநாள் முடிந்த மறுநாள் வாசகசாலைக்குப் போய்க் கேட்டார். சிரில் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். தன் டம்ளர் காப்பியில் பாதியை ஆற்றி அவருக்கு ஊற்றினார். நீ பேர் வேணாம்னு சொன்னவன்தானே, புஸ்தகம்னா ஒரு பேர் வேணும், அச்சாபீஸ்காரன் கேட்டான், கொடுத்தேன் என்றார். ரெமிஜியஸ் எழுந்திருக்கவில்லை. அப்போது சிரில் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"போர்டுல எழுதினது எல்லாருக்கும் பொது ரெமி. வாரா வாரம் நீயே அழிக்கிறே. அழிச்சுட்டா அது யாருதுன்னு எவன் சொல்லுவான்?"

ரெமிஜியஸ் காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். சரிதான் சார் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே அவருக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. பணமில்லை, மன்னிப்புமில்லை. அது தன்னுடையது இல்லை என்று சிரில் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். குளிரில் நின்று சொன்னால் இன்னும் நல்லது.

வழக்கம்போல அடுத்த சனிக்கிழமையும் போய் எழுதினார். அதற்கடுத்த வாரமும். சிரில் சந்தோஷமாகச் சாவி கொடுத்தார். முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது, புது வருஷத்துக்கு இரண்டாம் பதிப்பு, புதிதாக நாலைந்து சேர்க்க வேண்டும் என்று அவர் பலரிடம் சொன்னது ரெமிஜியஸின் காதுக்கும் வந்தது.

நவம்பர் முதல் சனிக்கிழமை அவர் கடைசி ஆறு வரிகளை இப்படி எழுதினார்:

'குதிரைப் பந்தயத் திடலுக்குப் பின்னால், மூங்கில் வேலி போட்ட சந்து. அதன் கோடியில் ஒரு பச்சைச் சன்னல். வியாழக்கிழமை காலை ஆறரைக்குத் திறக்கும். உள்ளே ஒரு கிழத் துரைசானி பியானோ வாசிப்பார். யாருக்காகவும் இல்லை, தனக்காக. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கலாம். கை தட்டாதீர்கள். கை தட்டினால் சன்னலைச் சாத்திவிடுவார், பிறகு பல வாரங்கள் திறக்க மாட்டார்.'

சந்து உண்மை. மூங்கில் வேலி உண்மை. பச்சைச் சன்னல் ஆறரைக்குத் திறப்பதும் உண்மை. அவரே ஒரு விடியற்காலை நின்று பார்த்திருக்கிறார். பியானோவும் துரைசானியும் மட்டும் கிடையாது. ஏழு வருடத்தில் பலகையில் அவர் எழுதிய முதல் பொய் அது. எழுதி முடித்து இரண்டடி பின்னால் நகர்ந்து படித்தபோது, தான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் விடியும் முன் சிரில் நகல் எடுத்துக்கொண்டு, பலகையை வாசலில் வைத்துவிட்டு, பாடற்குழுவோடு பாடக் கோயில் மாடிக்கு ஏறினார். ஒரு தடவை நகல் எடுத்த பலகையை அவர் மறுபடி படிப்பதில்லை. பூசைக்கு வருகிறவர்கள் இருட்டில் பலகையைப் பார்ப்பதில்லை, போகும்போதுதான் படிப்பார்கள். முதல் பாட்டு தொடங்கியதும் ரெமிஜியஸ் வெளியே வந்தார். ஈரத் துணியால் அந்த ஆறு வரிகளைத் துடைத்தார். துடைத்த இடம் காயும்வரை ஊதினார். அவரைக்காய் வந்துவிட்டது, ஆனால் இன்னும் ஒரு மூடுபனி போகட்டும் என்று ஆறு வரி எழுதினார். உள்ளே சிரிலின் குரல் மற்றவர்களை மிதித்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

ஆக, துரைசானியைப் பலகையில் படித்தவர் உலகத்தில் ஒருவர்தான்.

ஜனவரி முதல் ஞாயிறு இரண்டாம் பதிப்புக்கு வாசகசாலையில் ஒரு சின்ன விழா வைத்தார்கள். பங்குச் சாமியார் தலைமை. முன்வரிசையில் ஹெர்பர்ட் மாஸ்டர் இருந்தார். கோயில் ஆர்மோனியத்தையும் கண்டோன்மென்டில் இருக்கிற பியானோக்களையும் சரிசெய்கிறவர் அவர்தான். எந்த பங்களாவில் எந்தக் கட்டை ஒட்டிக்கொள்ளும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. ரெமிஜியஸ் பியானோவைத் தேர்ந்தெடுத்ததே அவரை நினைத்துத்தான்.

சாமியார் புத்தகத்தைப் புரட்டி, இது நன்றாயிருக்கிறதே என்று துரைசானியை உரக்கப் படித்தார். கூட்டம் அசையாமல் கேட்டது. 'தனக்காக' என்ற இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. ரெமிஜியஸ் திரும்பிப் பார்த்தார். ஜோசஃபின் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எந்தப் பாட்டு வாசிப்பார் என்று சாமியார் கேட்டார். சிரில் எழுந்தார். மாதா பாட்டுதான் சாமி என்றார். தான் மூன்று வியாழக்கிழமை போய் நின்றதாகவும், மூன்றாம் தடவை அழுதுவிட்டதாகவும் சொன்னார். சொல்லும்போதே குரல் கரகரத்தது. அவர் பொய் சொல்லவில்லை, நம்பிவிட்டார் என்று ரெமிஜியஸ் நினைத்தார்.

ஹெர்பர்ட் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பக்கம் எனக்குத் தெரியாம ஒரு பியானோவா? சுருதி எப்படி இருக்கு சிரில்?"

"சுத்தமா இருக்கு மாஸ்டர்."

"நான் தொடாமலே சுத்தமா இருக்கா. அப்ப நான் பாத்தே ஆகணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நாமும் பார்க்கலாமே என்று சாமியார் சொன்னார். வரும் வியாழக்கிழமை சிரிலே கூட்டிப் போவதென்று அங்கேயே முடிவாயிற்று. சிரில் மஃப்ளரைத் தொட்டுக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் சிரில் பார்சல் ஆபீசுக்கு வந்தார். கமலா ஆரஞ்சுக் கூடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, சந்துக்குள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க மூணு தடவை போனீங்களே சார்."

"அட, பேஜார் பண்ணாதே ரெமி. அந்தக் குளிர்ல எவன் போவான்? நீ எழுதினா இருக்கும். ஏழு வருஷத்துல உன் போர்டு ஒரு வாட்டி தப்பாப் போனதுண்டா?"

ரெமிஜியஸின் கையில் இருந்த சீட்டு கூடையில் ஒட்டாமல் கொஞ்ச நேரம் நின்றது. ஊரிலேயே அவருடைய வார்த்தையை இந்த அளவு நம்புகிறவர் இந்த ஒரு மனிதர்தான். அது அவரைத் தடுத்திருக்கலாம். ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார். இப்போதே சாமியாரிடம் போய், புத்தகம் நான் எழுதியதில்லை என்று சொல்லிவிடுங்களேன், அதற்கப்புறம் யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்றார். சிரில் வாய்விட்டுச் சிரித்தார். ரெமிஜியஸின் தோளைத் தட்டினார். அடுத்த பதிப்பில் முன்னுரைக்குக் கீழே நன்றி என்று உன் பெயரையும் போடுகிறேன் என்றார்.

"வலது பக்கம் திரும்பணும் சார்," என்று ரெமிஜியஸ் சொன்னார். "நேரா கோடிக்குப் போயிடுங்க. ஆறரைக்கு முன்னாடியே நின்னுடுங்க."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, நாமும் போகலாமா என்று ஜோசஃபின் கேட்டாள். ரெமிஜியஸ் வேண்டாம், பனி என்றார். அவள் விடவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் ஒரு இடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டது மூன்றாவது தடவையாக இருக்கலாம். உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அவள் தடுப்பாள் என்று தெரியும். வா என்றார்.

மூன்று ஜட்காக்களில் பதினைந்து பேர் போனார்கள். பந்தயத் திடல் பனியில் மூழ்கிக் கிடந்தது. சந்தில் மூங்கில் இலைகளிலிருந்து நீர் சொட்டியது. சிரில் மஃப்ளருக்கு மேல் இன்னொரு மஃப்ளர் சுற்றி, அதற்கு மேல் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். முன்னால் நடந்து, வழியெல்லாம் தெரிந்தவர்போல ஒரு பள்ளத்தைக்கூடச் சுட்டிக்காட்டினார். கோடியில் சுவர் தெரிந்தது. சுவரில் பச்சைச் சன்னல் சாத்தியிருந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். புத்தகத்தில் சொன்னபடி கைகளைக் கட்டிக்கொண்டார்கள். ஜோசஃபின் ஞாயிற்றுக்கிழமைப் புடவை கட்டியிருந்தாள். மோவாய் கொஞ்சம் உயர்ந்திருந்தது. ரெமிஜியஸ் அவளைப் பார்க்காமல் சிரிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறரைக்குச் சன்னல் திறந்தது.

ஒரு குதிரை தலையை நீட்டியது. செம்பட்டைக் குதிரை, நெற்றியில் வெள்ளை. அது பதினைந்து பேரையும் ஒரு தடவை பார்த்தது. மூக்கால் ஆவி விட்டது. பின்னால் இருட்டில் யாரோ வாளியை வைக்கிற சத்தம்.

பிறகு ஹெர்பர்ட் மாஸ்டர் கட்டிய கைகளைப் பிரித்தார். மெதுவாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று கை தட்டினார். குதிரை மிரண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. குதிரைக்காரன் வெளியே எட்டிப் பார்த்து, கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்து, சன்னலைப் படாரென்று சாத்தினான்.

"புஸ்தகத்துல சரியாத்தான் போட்டிருக்கு," என்றார் ஹெர்பர்ட் மாஸ்டர்.

சிரிப்பு வெடித்தது. ஜட்காக்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள். சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வியாழக்கிழமை வந்து நின்று அழுதேன் என்று சொன்னீரே சிரில் என்றார். சிரில் குல்லாயைக் கழற்றினார். காதெல்லாம் சிவந்திருந்தது. வலமும் இடமும் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார்.

"நான் எழுதலே சாமி. இவன் எழுதினான். பியானோ மட்டும் இல்லே, புஸ்தகம் பூரா இவன் எழுதினதுதான். நான் போர்டைப் பாத்துக் காப்பி பண்ணேன், அவ்வளவுதான்."

அதுதான். வார்த்தைக்கு வார்த்தை அதேதான். நாலு பேர் இல்லை, பதினைந்து பேர் முன்னால், குளிரில். நான்கு மாதமாக ரெமிஜியஸ் எதிர்பார்த்திருந்தது வந்து கையில் விழுந்தது. எடுத்துக்கொண்டால் ஏழு வருடமும் அவருடையது. கூடவே இந்தக் குதிரையும் அவருடையது. ஆமாம் என்றால் சிரில் ஒரு நகல்காரர், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் ஊர் மறந்துவிடும். ரெமிஜியஸுக்கு அது போதவில்லை. இத்தனை நாள் போதும் என்று நினைத்திருந்தது, கிடைத்த நிமிடத்தில் போதவில்லை.

சாமியார் அவரைக் கேட்டார். ரெமிஜியஸ் கையைக் கட்டியபடியே சொன்னார்:

"போர்டுல இந்தப் பியானோ எந்த வாரமும் வந்ததில்லையே சாமி. எல்லாரும் வாரா வாரம் படிக்கிறவங்கதான். யாராவது பாத்தீங்களா?"

ஒருவரும் பார்த்திருக்கவில்லை. நவம்பர் முதல் வாரம் என்று சிரில் கத்தினார். நவம்பர் முதல் வாரம் அவரைக்காய் என்றார் ஹெர்பர்ட் மாஸ்டர். அதைப் படித்துவிட்டுத்தான் அவர் ஒரு வாரம் பொறுத்து வாங்கினார், நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேறு நாலு பேரும் ஆமாம், அவரைக்காய் என்றார்கள். ஒரு பொய்யை மறைக்க ஒரு பாவப்பட்ட குமாஸ்தாவின் தலையில் பழி போடுகிறாரே என்று ஒரு பெண் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

கூட்டம் ஜட்காக்களை நோக்கித் திரும்பியது. சிரில் குல்லாயைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரருகே நின்றார். ரெமிஜியஸ் அவரைத் தாண்டிப் போகும்போது நின்று, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அழிச்சுட்டேன் சார். இப்ப அது யாருதுன்னு நீங்களே சொல்லுங்க."

சாவி அந்த வாரமே வேறு கைக்குப் போயிற்று. சிரில் பாடற்குழுவுக்கும் வருவதில்லை. ஈஸ்டருக்குள் வெளியூரில், அத்திபெலேயில், தன் மைத்துனரோடு போய்த் தங்கிவிட்டார் என்று சொன்னார்கள். விற்காத புத்தகங்கள் வாசகசாலை அலமாரிக்கு அடியில் கிடந்தன. மர்பி டவுனில் நம்ப முடியாததை யாராவது சொன்னால் 'குதிரை பியானோ வாசிச்சுதா?' என்று கேட்பது வழக்கமாயிற்று. மூன்றாவது மரத்தடியில் இப்போது யாரும் நிற்பதில்லை. லால்பாக்குக்கு முதல் நாளே போய் இடிபட்டார்கள். முதல் நாள் வேண்டாம் என்பதும் அந்தப் புத்தகத்தில் இருந்ததுதானே. ரெமிஜியஸ் பிறகு பலகையில் எழுதவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. எழுதினவர்தான் அத்திபெலேக்குப் போய்விட்டாரே.

அன்று வியாழக்கிழமை ஜட்காவிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது ஜோசஃபின் முன்னால் போனாள். சமையலறையில் வேலை செய்யும்போது அவள் வாய்க்குள் பாடுவாள். நல்ல குரல். யாராவது கேட்கிறார்கள் என்று தெரிந்தால் நிறுத்திவிட்டுச் சன்னலைச் சாத்துவாள். கல்யாணமான புதிதில் ரெமிஜியஸ் ஒரு தடவை பின்கட்டில் நின்று கேட்டுவிட்டுக் கை தட்டினார். அதன்பின் மூன்று வாரம் அவள் பாடவில்லை. அப்புறம் அவர் சத்தம் காட்டாமல் கேட்கப் பழகிக்கொண்டார்.

வாசற்படியில் அவள் நின்றாள்.

"அன்னிக்கு சாமியார் படிக்கும்போதே எனக்குத் தெரியும், நீங்க எழுதினதுன்னு. உண்மையிலேயே அப்படி ஒருத்தி இருக்கா போலிருக்கு, என்னை மாதிரி, அதான் உங்களுக்குப் பிடிச்சுதுன்னு நெனைச்சேன்." புடவை ஓரத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். "அந்தாளு கெட்டான், சரி. என்னை எதுக்குங்க அங்க கொண்டுபோய் வெச்சீங்க?"

அவள் உள்ளே போனாள். சமையலறைச் சன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. மூன்று வாரம் ஆயிற்று, மழைக்காலம் வந்தது, அடுத்த அவரைக்காயும் வந்தது; அவள் பாட்டு மட்டும் வரவில்லை.

சிரிலுக்குச் செய்ததற்காக ரெமிஜியஸ் ஒரு நாளும் வருந்தவில்லை. பின்கட்டில் சத்தம் காட்டாமல் நிற்கும்போது சில சமயம் தோன்றும்: சிரிலை வேறு ஏதாவது வைத்துப் பிடித்திருக்கலாம்.